காளி என்று ஒரு கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஹேமர் ஆஃப் காட்' நாவலைப் பற்றி நாலு வரி எழுதி, கட்டாயம் படியுங்கள் என்று முடித்திருந்தேன். 1993-ல் வந்த புத்தகம். இருபத்திரண்டாம் நூற்றாண்டில் கதை நடக்கிறது. பொழுதுபோக்காக வானம் பார்க்கும் ஒருவர் கண்ணில் ஒரு சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் ஒரு பெரிய கல், படுகிறது, அது பூமியை நோக்கி வருகிறது, அதற்குக் காளி என்று பெயர் வைக்கிறார்கள். ராபர்ட் சிங் என்ற கேப்டன் தன் 'கோலியாத்' விண்கப்பலோடு அதைத் தள்ளிவிடப் போகிறார். இந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

நீங்கள் சொன்னீர்களே என்று தேடிப் பிடித்து வாங்கினேன் அக்கா. அறுபது பக்கத்துக்கு மேல் போகவில்லை. யாரையும் மனசுக்குள் நிறுத்த முடியவில்லை. இவ்வளவு பெரிய எழுத்தாளர் ஏன் இப்படி எழுதினார்? (வாசகர், சித்தூர்)

உங்கள் குறை நியாயமானது. இந்த நாவலைப் படித்த பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். முதலில் இது 'டைம்' வார இதழின் ஒரு சிறப்பிதழுக்காக 1992-ல் எழுதிய சிறுகதை, அதை அடுத்த வருடமே நாவலாக விரித்தார், விரித்த தையல் பல இடங்களில் வெளியே தெரிகிறது. இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. ராபர்ட் சிங்கின் முதல் மனைவி, மகன், செவ்வாயில் அமைந்த இரண்டாவது குடும்பம் எல்லாம் வருகிறார்கள், ஆனால் ரயில் ஜன்னலில் ஊர்கள் கடந்துபோகிற மாதிரி கடந்துபோய்விடுகிறார்கள். சந்திரனில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்தில் அவர் இளைஞராக ஓடும் பகுதி மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்த மூச்சுத் திணறல் நம் காதிலேயே கேட்கும். அந்தச் சூடு மற்ற இடங்களில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஏன் படிக்கச் சொன்னேன்? புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 75. 1956-லிருந்து இலங்கையிலேயே வாழ்ந்தவர், இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவால் நடமாட்டம் குறைந்துபோயிருந்த காலம். அந்த வருடங்களில் அவர் பெயர் போட்டு வந்த நாவல்களில் பல இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவை. இது அவர் தனியாக உட்கார்ந்து எழுதியது. ஒரு மனிதர் இருபது வருடமாக ஒரே விஷயத்துக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் அது அவர் எழுத்தில் எப்படித் திரும்பத் திரும்ப வரும் என்று இதில் பார்க்கலாம். 1973-ல் எழுதிய 'ரெண்டெவூ வித் ராமா'வின் முதல் பக்கங்களிலேயே ஒரு விண்கல் 2077-ல் வடக்கு இத்தாலியில் விழுந்து நகரங்களை அழிக்கிறது, இனி இப்படி நடக்க விடக்கூடாது என்று மனிதர்கள் 'ஸ்பேஸ்கார்ட்' என்ற காவல் ஏற்பாட்டைத் தொடங்குகிறார்கள். அங்கே ஒரு பத்தியில் சொன்னதை இங்கே முழுப் புத்தகமாக்கியிருக்கிறார். கதாபாத்திரங்களைத் தேடாமல், அந்தக் காவலைத் தேடிப் படித்துப் பாருங்கள். நடுநடுவே உண்மையில் நடந்தவற்றையும் வைத்திருக்கிறார்: 1972-ல் அமெரிக்காவின் மேல் பட்டப்பகலில் ஒரு நெருப்புக்கோளம் வளிமண்டலத்தை உரசிவிட்டு வெளியே போனது, 1908-ல் சைபீரியாவின் துங்குஸ்காவில் காடே சாய்ந்தது, டைனோசர்களை முடித்த அந்தப் பழைய மோதல். நாவலில் எனக்குக் கனமாகத் தெரிவது இந்தச் சின்ன அத்தியாயங்கள்தான். அறுபதாம் பக்கத்திலிருந்து இன்னொரு முறை தொடங்குங்கள்.

உலகத்தை அழிக்க வரும் கல்லுக்கு எங்கள் அம்மாவின் பெயரா? என் தாயாரிடம் கதையைச் சொன்னேன், அவர் இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்தார். (வாசகி, நகரி)

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை நானும் முதல் தடவை படித்தபோது கேட்டுக்கொண்டேன், பதில் கிடைக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

கிளார்க் ஐம்பது வருடத்துக்கு மேல் நம் பக்கத்துத் தீவில் இருந்தவர், காளி யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கதையில் காளி என்றால் அழிவு, அவ்வளவோடு நின்றுவிடுகிறார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாக்கு, மண்டையோட்டு மாலை, வாள் இதெல்லாம் முதலில் தெரியும். நமக்கு முதலில் தெரிவது அம்மா. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீங்களும் போயிருப்பீர்கள், நம் சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் போகிறோமே. வெட்டுப்பட்ட தலைதான் ஊர்வலமாக வருகிறது. அதைப் பார்த்து ஒரு குழந்தைகூட அழுது நான் பார்த்ததில்லை. வழியெல்லாம் தேங்காய் உடைந்து சிதறிக் கிடக்க, அந்த முகத்தைப் பார்த்து, புடவைத் தலைப்பில் முடிந்து வைத்த மஞ்சளைத் தொட்டுக்கொண்டு, ஒரு கிழவி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் "பாத்துக்கோ தாயி, பேத்திக்கு இன்னும் அமையல" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பிறகு அந்தத் தலையை உடலோடு பொருத்துவார்கள். கோபத்தையும் காப்பதையும் நாம் ஒரே முகத்தில் பார்த்துப் பழகியவர்கள். கிளார்க்கின் கதையில் கோபம் கல்லில் இருக்கிறது, காப்பது கப்பலில் இருக்கிறது, இரண்டும் வேறு வேறாகிவிட்டன. நம் ஊரில் யாராவது எழுதியிருந்தால் கப்பலுக்குத்தான் காளி என்று பெயர் வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது கலியுகத்தின் கலியும் நம் காளியும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்துவிடுகின்றன. தமிழில் படிக்கிற நமக்கு அந்தக் குழப்பம் கிடையாது. கதையில் வரும் கல்லுக்குக் கலி என்ற பெயர் இன்னும் பொருந்தியிருக்கும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இவ்வளவு ராக்கெட், இவ்வளவு அணுகுண்டு இருக்கும்போது ஒரு கல்லை நேராக வெடித்துத் தூள் ஆக்கிவிட்டால் போச்சே? மெதுவாகத் தள்ளுவது, தள்ளுவது என்று புத்தகம் முழுக்க ஏன் இழுக்கிறார்? (வாசகர், பலமநேர்)

பலமநேரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். ஏனென்றால் இதற்குப் பதில் உங்கள் ஊரில் கேழ்வரகு போட்ட எல்லோருக்கும் தெரியும்.

கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்குகிற காலத்தில் பரணில் உட்கார்ந்து ராக்காவல் இருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள். காட்டு ஓரத்தில், இன்னும் வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும்போதே யானை கண்ணில் பட்டுவிட்டால், ஒரு டார்ச் வெளிச்சம், ஒரு தகரச் சத்தம், அது முகத்தைக் கொஞ்சம் திருப்பும். அங்கே கொஞ்சம் திரும்பினால் போதும், விடிவதற்குள் அது வேறு ஊர் எல்லையில் இருக்கும். அதே யானை கரும்புக்குள் நுழைந்துவிட்டபிறகு? பட்டாசு, நெருப்பு, நாலு ஊர் ஆட்கள், எல்லாம் வந்தும் அது மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கூட்டமாக வந்தது சிதறி மூன்று பக்கம் போனால் காவல்காரருக்கு அதைவிடக் கஷ்டம் இல்லை.

கல்லும் இப்படித்தான். கணக்கு ரொம்ப எளிது, பிள்ளைகளோடு போட்டுப் பாருங்கள். ஒரு சிறுகோளின் வேகத்தை நொடிக்கு 1 சென்டிமீட்டர் மட்டும் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எறும்பு ஊர்கிற வேகம். பத்து வருடத்தில் ஏறக்குறைய 31 கோடியே 50 லட்சம் நொடிகள். பெருக்கினால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சூரியனைச் சுற்றும் பாதையில் இருப்பதால் உண்மையில் விலகல் இதைவிடப் பெரிதாகவே சேரும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, தன் சொந்த அகலத்தைக் கடக்க அதற்கு ஏழு நிமிடம்தான் ஆகும். அந்தச் சந்திப்புக்குக் கல் ஏழெட்டு நிமிடம் தாமதமாக வந்தால் பூமி கடந்து போயிருக்கும். பத்து வருடப் பயணத்தில் ஏழு நிமிடத் தாமதம், அதற்கு எறும்பு ஊர்கிற அந்த வேக மாற்றமே ஏறக்குறைய போதும். அதே கல்லைக் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடித்தோம் என்றால் எந்தப் பலமும் போதாது. உடைத்தாலும் துண்டுகள் அதே பாதையில்தான் வரும், ஒரு பெரிய கல்லுக்குப் பதில் பல கற்கள்.

அதனால்தான் நாவலில் 'அட்லஸ்' என்ற உந்து இயந்திரத்தைக் காளியின் மேல் பொருத்தி, நிதானமாகத் தள்ளுவது என்று முடிவு செய்கிறார்கள். அதற்கு நடுவில் இது கடவுளின் தீர்ப்பு, தடுக்கக்கூடாது என்று நம்பும் ஒரு கூட்டம் சதி செய்கிறது. அதன் பிறகு என்ன ஆகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

இது கதையோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் 'டார்ட்' விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறு கல்லின் மேல் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. அது நம் பக்கம் வருகிற கல் இல்லை, ஒரு பெரிய கல்லைச் சுற்றிக்கொண்டிருப்பது. சோதனைக்காக மோதினார்கள். ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது, மோதிய பிறகு 11 மணி 23 நிமிடம் ஆகிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி நான் இந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிளார்க் அதைப் பார்க்க இல்லை, 2008-ல் கொழும்பில் இறந்துவிட்டார்.

'டீப் இம்பாக்ட்' படம் இந்த நாவல்தான் என்கிறார்களே, உண்மையா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சூளூர்ப்பேட்டை)

ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க் இந்த நாவலின் பட உரிமையை வாங்கியிருந்தார். ஆனால் 1998-ல் வந்த படம் ரொம்ப மாறிப்போய், கிளார்க்கின் பெயர் திரையில் வரவில்லை. படம் பார்த்தாயிற்று, புத்தகம் வேண்டாம் என்று இருந்துவிடாதே அம்மா, இரண்டும் வேறு. மொட்டை மாடியில் நின்று ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைப் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் அமெரிக்காவும் ரஷ்யாவும்தானா? நம் பக்கத்தில் யாராவது இப்படிக் காவல் பார்த்தார்களா? (வாசகர், வாணியம்பாடி)

உங்கள் வீட்டிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு வானாய்வு மையத்தைப் பெரிய தொலைநோக்கிக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும், 2.34 மீட்டர் கண்ணாடி, 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதே மலையில் இருக்கிற, வானத்தின் அகலமான பகுதியை ஒரே படத்தில் பிடிக்கும் சின்ன ஷ்மிட் தொலைநோக்கியில் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் அதை வைத்துக்கொண்டு சிறுகோள்களைத் தேடினார்கள். அந்தத் திட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? கல்கி. யுகத்தை முடிக்க வருகிற அவதாரத்தின் பெயர். கிளார்க் தன் கல்லுக்குக் காளி என்று பெயர் வைப்பதற்குச் சில வருடம் முன்பே, நம் மலையில் உட்கார்ந்திருந்தவர்கள் கல் தேடும் வேலைக்குக் கல்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேடலில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணோடு அதற்கு ராமானுஜன் என்று பெயர், நம் கணித மேதையின் பெயர்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிறது, அதனால் யாருக்கும் ஆபத்தில்லை.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒரு முறை பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒருவர் விளக்கினார். வானத்தின் ஒரு பகுதியை நெடுநேரம் படம் எடுப்பார்கள். தொலைநோக்கி நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகர்வதால் அவை புள்ளியாக விழும். நடுவில் தன் போக்கில் நகர்கிற ஏதாவது இருந்தால் அது மட்டும் சின்னக் கோடாக விழும், நகத்தால் கீறினமாதிரி. ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே அந்த ஒரு கீறலை, அது தூசியா படத்தின் குறையா என்று சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கண் எரிய எரியத் தேட வேண்டும். என்னோடு வந்த ஒரு பையன், பரணில் உட்கார்ந்து யானைக் காவல் பார்க்கிற வீட்டுப் பிள்ளை, "தூங்காம இருக்கிறதுதான் டீச்சர் இதுல கஷ்டம்" என்றான். அவனுக்குப் புரிந்த அளவுக்கு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

இன்னும் பழைய கதையும் உண்டு. 1861-ல் மெட்ராஸ் வானாய்வு மையத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள்தான் ஆசியா மண்ணிலிருந்து முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அதற்கு 'ஆசியா' என்றே பெயர். அதே இடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். ஆக, காவல் நமக்குப் புதிதில்லை.

போன வருடம் 2032-ல் ஒரு கல் இந்தியா மேல் விழப்போகிறது என்று எல்லோர் போனிலும் வந்தது. பாட்டி நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. இப்போது யாரும் பேசுவதில்லை. பொய்ச் செய்தியா? (வாசகி, குப்பம்)

பொய் இல்லை. பாதியில் நின்றுபோன செய்தி. 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்த கல் அது, '2024 ஒய்ஆர்4' என்று பெயர். கண்டுபிடித்த தொலைநோக்கி வலையமைப்பின் பெயரும் 'அட்லஸ்', நாவலில் வருகிற இயந்திரத்தின் அதே பெயர். தொடக்கத்தில் பாதை சரியாகத் தெரியாது, கண்ட கொஞ்ச நாள் அளவுகளை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். அப்போது 2032 டிசம்பர் 22 அன்று மோத வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்தது. விழக்கூடிய பகுதிகளை வரைந்தபோது அந்தப் பட்டை பசிபிக்கிலிருந்து ஆப்பிரிக்கா வழியாக நம் தெற்காசியா வரைக்கும் வந்தது. 2025 பிப்ரவரியில் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. இன்னும் சில நாள் பார்த்து அளந்ததும் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டது. ஏறும்போது எழுதியவர்கள் இறங்கும்போது எழுதவில்லை, உங்கள் பாட்டியின் தூக்கம் கெட்டதற்கு அதுதான் காரணம். நிலத்தை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகரத்தின் மேல் சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வானத்திலேயே வெடித்தது. யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை, சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. முதலில் பெரிய வெளிச்சம். என்னவென்று பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதிர்ச்சி அலை அதற்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் வந்து சேர்ந்தது, கண்ணாடிகளெல்லாம் நொறுங்கின. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடியால். வானத்தில் பழக்கமில்லாத பெரிய வெளிச்சம் கண்டால் ஜன்னலை விட்டு விலகி உட்கார வேண்டும். மின்னலுக்கு மரத்தடியில் நிற்காதே என்று சொல்வதுபோல இதையும் சொல்லிவிடலாம்.

கிளார்க்கை இதுவரை படித்ததில்லை. இதிலிருந்து தொடங்கலாமா? இந்தப் புத்தகத்தால் ஏதாவது நடந்ததா, அல்லது வெறும் கதையா? (வாசகர், சத்தியவேடு)

இதிலிருந்து தொடங்க வேண்டாம். 'ரெண்டெவூ வித் ராமா'வை முதலில் படியுங்கள், ஆங்கிலம் எளிமையாக இருக்கும், பிறகு இதற்கு வாருங்கள். பிரதி கிடைக்கவில்லை என்றால் இதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள், என்னிடம் வேலூர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்று இருக்கிறது, அட்டை கிழிந்தாலும் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

நடந்ததா என்றால், நடந்தது, ஆனால் இந்தப் புத்தகத்துக்கும் முன்பே, 'ராமா'வால். 1992-ல் நாசாவுக்காக விஞ்ஞானிகள் கூடி, பூமிக்குப் பக்கத்தில் வருகிற கற்களைத் தேட ஒரு திட்டம் எழுதினார்கள். அதற்கு 'ஸ்பேஸ்கார்ட்' ஆய்வு என்று பெயர் வைத்தார்கள், 'ராமா'வில் கிளார்க் வைத்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு. 1998-ல் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் 90 சதவீதத்தைப் பத்து வருடத்தில் கண்டுபிடிப்பது என்று இலக்கு வைத்தார்கள், பின்னர் 2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை 140 மீட்டர் கல் வரைக்கும் இறக்கியது. சின்னக் கற்களில் இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. ஆனால் காளி அளவுக்குப் பெரிய கல் யாருக்கும் தெரியாமல் வந்து நிற்கிற வாய்ப்பு, அவர் எழுதிய காலத்தைவிட இப்போது ரொம்பக் குறைவு.

அப்புறம் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1945-ல், யாரும் செயற்கைக்கோள் விடாத காலத்தில், கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார்: பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்ற விட்டால் அது பூமியோடு சேர்ந்து சுற்றும், நமக்கு அசையாமல் நிற்பதுபோல இருக்கும், அதன் வழியாக உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று. இன்றைக்கு நம் வீட்டு டிஷ் ஆண்டெனா பார்த்துக்கொண்டிருப்பது அந்த வட்டத்தைத்தான், அதை கிளார்க் வட்டம் என்றே சொல்கிறார்கள். 2029-ல் அப்போஃபிஸ் என்ற சிறுகோள், 300 மீட்டருக்கு மேல் அகலம், பூமியைக் கடந்து போகப்போகிறது. மோதாது, அதை நன்றாக அளந்துவிட்டார்கள். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில், அதாவது அந்த வட்டத்துக்கும் உள்ளே நுழைந்து போகிறது. உலக நேரப்படி ஏப்ரல் 13. நம் கடிகாரத்தில் ஏப்ரல் 14 விடியற்காலை மூன்றேகால் மணி, சித்திரை முதல் நாள், வாசலில் கோலம் போட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.